ஆயிரம் ரூபாயா, பஸ்ஸா, கொழுந்து விலையா, வீடா: மலையில் எதைக் கேட்பது?

ஓட்டு கேட்டு மலையேறி வருகிறவர்களிடம் நீலகிரிக்காரர்கள் எல்லாவற்றையும் கேட்பார்கள். ரோடு, தண்ணீர், பச்சைத் தேயிலைக்கு விலை, காட்டுமாடு வராமல் வேலி, யானைக்கு அகழி, முதியோர் பென்ஷன். வந்தவரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார். இருபது கோரிக்கை கொடுத்தால் எதைச் செய்யவில்லை என்று பிறகு கேட்கவும் வழியில்லை. அதனால் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பார்க்கலாம் என்று தோன்றியது.

மலை மக்களுக்கென்று அரசு கொஞ்சம் பணம் கூடுதலாக ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கையில் காசாகக் கொடுப்பதா? பஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று செலவழிப்பதா? தேயிலைக் கொழுந்து விலையோடு சேர்த்துக் கொடுப்பதா? வீடு கட்டுவதா? இதோடு இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கொண்டே வருகிறது: யாருக்கு? ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து கொழுந்து பறிப்பவர்களுக்கும் சேர்த்தா, இங்கே ரேஷன் கார்டு உள்ளவர்களுக்கு மட்டுமா? டீக்கடையில் இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் சத்தம் அதிகம். முதல் கேள்வியை ஒழுங்காகத் தீர்த்தால் இரண்டாவதில் பாதி தானாகத் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

காசிலிருந்தே தொடங்குவோம். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. மாதம் 1000 ரூபாய். அதை மட்டமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஆயிரம் தேவைப்படாதவர்கள். கோத்தகிரி பக்கம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லைன் வீட்டில் அது எங்கே போகிறது என்று பார்த்தால் தெரியும்: பாதி சிலிண்டருக்கு, கொஞ்சம் செல்போன் ரீசார்ஜுக்கு, மீதி சீட்டுக்கு. பேங்க் கணக்கு வீட்டுப் பெண்ணின் பெயரில் இருப்பதால் சனிக்கிழமை சாயங்காலம் புருஷன் கையில் போய்ச் சேருவதில்லை. நடுவில் யாரும் கமிஷன் எடுக்க முடியாது. எதற்குச் செலவழிப்பது என்று அவளே முடிவு செய்யலாம். அரசு கொடுக்கும் வேறு எதிலும் இத்தனை வசதி கிடையாது.

சரி, அப்படியானால் அதையே இரண்டாயிரம் ஆக்கிவிட்டால் என்ன? 2025-26 பட்ஜெட்டில் இந்த ஒரு திட்டத்துக்கு மட்டும் 13,807 கோடி ரூபாய். அதே பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி, அதாவது சம்பளம், பென்ஷன், வட்டி, மானியம் என்ற அன்றாடச் செலவுக்கே கடன் வாங்க வேண்டிய நிலை. தொகையை இரட்டிப்பாக்கினால் இன்னொரு 13,000 கோடிக்கு மேல் எங்கிருந்தாவது வர வேண்டும். அது பணக்காரர் வீட்டுப் பெட்டியிலிருந்து வராது. போடாத ரோட்டிலிருந்தும் நிரப்பாத நர்ஸ் வேலையிலிருந்தும்தான் வரும். கீழே மேட்டுப்பாளையத்தில் அந்த நஷ்டம் அவ்வளவாகத் தெரியாது. பத்து நிமிடத்தில் வேறொரு பஸ், தெருமுனையில் ஒரு தனியார் கிளினிக். மலையில் அரசு செய்யாததைக் காசு கொடுத்து வாங்குவதற்கு அடுத்த கடையே இல்லை. ராத்திரி ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போய்வந்தால் அந்த மாதத்து ஆயிரம் அதிலேயே கரைந்துபோகும்.

நிபந்தனைகளையும் பார்க்க வேண்டும். குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், ஐந்து ஏக்கருக்கு மேல் நன்செய்யோ பத்து ஏக்கருக்கு மேல் புன்செய்யோ கூடாது, வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம் என்று வைத்தார்கள். சென்னையில் உட்கார்ந்து பார்த்தால் ஏசி வைத்திருப்பவனை வடிகட்டும் அளவுகோல் அது. ஊட்டியில் டிசம்பர் மாதம் குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீருக்கு ஹீட்டர் போடுகிறவளும் அந்தக் கோட்டை நோக்கித்தான் போகிறாள். அப்புறம், ஒரு கார்டுக்கு ஒருவர்தான். மாமியாரும் மருமகளும் ஒரே லைன் வீட்டில், ஒரே கார்டில் இருந்தால் ஒருத்திக்குத்தான். ஜார்க்கண்ட் பெண்ணுக்குக் கேட்கவே வேண்டாம், இங்கே கார்டு கிடையாது.

காசாகக் கொடுக்கிற எந்தத் திட்டத்துக்கும் பட்டியல் ஒன்று வேண்டும். பட்டியல் என்றால் உள்ளே இருப்பவர், வெளியே இருப்பவர் என்று இரண்டு கட்சி வந்துவிடும். ‘அவளுக்கு வந்துச்சு, எனக்கு வரல’ என்பதில் தொடங்கும் பேச்சு, ‘எங்கிருந்தோ வந்தவனுக்கெல்லாம்’ என்பதில்தான் போய் நிற்கும்.

இப்போது பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் நகரப் பேருந்துகளில் வந்தபோது மலைக்கு வரவில்லை. 2024-25 பட்ஜெட்டில்தான் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறைக்கும் அறிவித்தார்கள். தாமதம்தான், ஆனாலும் வந்தது. அந்தப் பஸ்ஸில் ஏறும் பெண்ணிடம் கண்டக்டர் ஆதார் கேட்பதில்லை, எந்த ஊர் என்று விசாரிப்பதும் இல்லை. பெண்ணா, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறார். வார விடுமுறையன்று கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால், காய் வாங்கிய பையோடு ஒரு படுகப் பாட்டி, கொழுந்து பறிக்கும் ஜார்க்கண்ட் பெண்கள் மூன்று பேர், கம்ப்யூட்டர் கிளாஸ் முடிந்து வரும் காலேஜ் பெண் எல்லோரும் ஒரே விலையில்லா டிக்கெட்டோடு ஒரே பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள். அங்கே சண்டை வருவது சீட்டுக்காக மட்டும்தான்.

காலை உணவும் அதே மாதிரி. 2022-இல் தொடங்கி 2023 ஆகஸ்ட்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு உப்புமாவோ கிச்சடியோ உண்டு. அப்பாவின் கார்டு எந்த மாநிலத்தில் அடித்தது என்று சமையல் செய்கிற அக்கா பார்ப்பதில்லை. சொல்லப்போனால், பிள்ளைகள் குறைந்துகொண்டே வரும் மலைப் பள்ளிகள் சிலவற்றில் ரிஜிஸ்டரில் பெயர் நிற்பதே இந்த வெளிமாநிலப் பிள்ளைகளால்தான்.

ஆனால் பஸ் இலவசம் என்றால் முதலில் பஸ் ஓட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு டிரிப் மட்டும் வரும் ஊரில் இலவசம் என்பது போர்டில் எழுதிய வார்த்தை. காலை டிரிப் பழுதாகி நின்றுவிட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளை பரீட்சைக்கு ஜீப்பில்தான் போக வேண்டும். அதனால் மலைக்காரர்கள் கேட்க வேண்டியது டிக்கெட் விலையைப் பற்றியல்ல. மாலை ஆறு மணிக்குப் பிறகு எத்தனை டிரிப், மாற்று வண்டி எத்தனை என்பதைத்தான். இலவசப் பயணத்துக்கு ஈடாக அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஆயிரக்கணக்கான கோடி கொடுக்கிறது. அதில் ஓடாத டிரிப்புக்குப் பணம் கிடையாது என்று ஒரு நிபந்தனை சேர்க்க முடியாதா என்று எனக்கு ரொம்ப நாளாகத் தோன்றுவதுண்டு.

ஆஸ்பத்திரிக் கணக்கும் தூரத்தில்தான் இடிக்கிறது. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, 2025 ஏப்ரலில் 700 படுக்கை ஆஸ்பத்திரியும் திறந்தது. மாவட்டத்துக்குப் பெரிய காரியம், சந்தேகமே இல்லை. அதற்கு முன்பு பெரிய கேஸ் என்றால் கோயம்புத்தூருக்கு ஆம்புலன்ஸ். என்றாலும் கூடலூரிலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர், நடுவட்டம் ஏற்றம். பந்தலூர்க்காரர்கள் அதற்கும் அப்பால். அவர்கள் பலரும் இன்றும் எல்லை தாண்டி வயநாட்டுப் பக்கம், சுல்தான் பத்தேரிக்குத்தான் போகிறார்கள். அங்கே தமிழ்நாட்டுக் கார்டைக் காட்டினால் அவர்கள்தான் வெளிமாநிலக்காரர்கள். ஜார்க்கண்ட்காரனுக்கு இங்கே எதற்கு வைத்தியம் என்று கேட்கிறவர் பந்தலூர் வரைக்கும் ஒருநாள் போய்வரலாம்.

கொழுந்து விலை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் என் ஊர்க்காரர்கள் பலருக்கு என்மேல் கோபம் வரும். சிறு விவசாயிக்கு விலை கட்டுபடியாகவில்லை என்பது உண்மை. 1990-களின் கடைசியில் சரிந்த பிறகு அந்த விலை முதுகை நிமிர்த்தவே இல்லை. 2023-இல் கூட்டுறவுத் தேயிலை பேக்டரிகளின் இணையமான இன்கோசர்வ் உறுப்பினர்களுக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் ஊக்கத்தொகை என்று அரசு அறிவித்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிலோ கணக்கில் கொடுப்பது நிலம் அதிகம் உள்ளவருக்குத்தான் அதிகம் போகும். தனியார் பேக்டரிக்குக் கொழுந்து போடுபவருக்குக் கிடையாது. மழையில் பிளாஸ்டிக் ஷீட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பறிப்பவளுக்கு ஒரு பைசாவும் இல்லை. விவசாயி பக்கத்து நியாயமும் உண்டு: விலை இல்லையென்றால் கூலி கொடுக்க முடியாது, கூலி கொடுக்காவிட்டால் தோட்டம் காடாகும். அதற்காகத்தான் அந்தப் பணத்தை 16 கூட்டுறவு பேக்டரிகளின் மெஷினுக்கும் தரத்துக்கும் போடச் சொல்கிறேன். ஏலத்தில் டீத்தூள் நல்ல விலைக்குப் போனால் கிலோவுக்கு இரண்டு ரூபாய்க்கு மேலாகவே தானாக வரும். கையில் கொடுத்த இரண்டு ரூபாய் அடுத்த சீசனுக்கு மறந்துபோகும்.

இனி வீடு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் வேலை செய்பவருக்கு முதலாளி வீடு கொடுக்க வேண்டும் என்றது. அதன்படிதான் லைன் வீடுகள்: ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ, நாலைந்து வீட்டுக்குப் பொதுவாக ஒரு குழாய். ஆனால் அது வேலைக்கான வீடு. ரிட்டயர் ஆனால் காலி செய்ய வேண்டும். காலி செய்தால்தான் கிராஜுவிட்டி என்று இழுத்தடிக்கும் தோட்டங்களும் உண்டு. முப்பது, முப்பத்தைந்து வருடம் பறித்தவளுக்கு 58 வயதில் போக இடமில்லை. அதனால் பிளஸ் டூ முடித்த மகனோ மருமகளோ, விருப்பம் இருக்கிறதோ இல்லையோ, பெயரைத் தோட்டத்தில் பதிந்துகொள்கிறார்கள். வீட்டுக்காக வேலை. திருப்பூரில் இதைவிட நல்ல சம்பளம் கிடைக்கும் என்று தெரிந்தும் போக முடியாமல் கிடக்கும் இளசுகளை எல்லா டிவிஷனிலும் பார்க்கலாம்.

அரசு வீட்டுத் திட்டம் இவர்களைத் தொடுவதே இல்லை. கலைஞரின் கனவு இல்லத்தில் மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. முதல் நிபந்தனை: சொந்தப் பட்டா நிலம். தோட்டத்துக்காரரின் நிலத்தில் பட்டா கிடையாது. அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் நிலமோ வனத்துறையிடமிருந்து வந்தது, அங்கேயும் கிடையாது. கூடலூர் பக்கம் போனால் 1969-ஆம் ஆண்டு ஜென்மம் (பழைய நிலப்பிரபு உரிமை) ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு நிலம். யாருடையது என்று தீராமல் ஐம்பது வருடத்துக்கு மேல் கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடுவில் கிடக்கிறது, பல வீடுகளுக்குக் கரண்ட் வாங்கவே போராட்டம். பணம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, நிற்க ஒரு சென்ட் இடம் இல்லை. பட்டா உள்ளவர்களுக்குக்கூட மணலும் செங்கல்லும் மலையேறி வருகிற செலவில் அந்த மூன்றரை லட்சம் கூரைக்கு முன்னாலேயே தீர்ந்துவிடுகிறது.

இப்போது அந்தக் காலியான லைன் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். உள்ளூரில் பறிக்க ஆள் இல்லை. 2001-இல் நீலகிரி மக்கள்தொகை 7,62,141, 2011-இல் 7,35,394. தமிழ்நாட்டிலேயே அந்தப் பத்து வருடத்தில் ஜனம் குறைந்த மாவட்டம் இது ஒன்றுதான். தேயிலை விலை சரிந்தது, ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் படுத்தது, படித்த பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் இறங்கிவிட்டார்கள். ஆகவே மேஸ்திரி ஜார்க்கண்டிலிருந்து ஆள் கொண்டுவருகிறார். அவர்களை எங்கே தங்க வைப்பது? நேற்றுக் காலி செய்த லைன் வீட்டில், ஒரு வீட்டுக்கு எட்டு பேர் பத்து பேராக. இருபது வருடம் தான் மெழுகிய திண்ணையில் வேறொரு குடும்பம் துணி காயப்போடுவதை ரிட்டயரான அம்மா பார்க்கிறாள். அவளுக்கு வரும் ஆத்திரம் நியாயமானது, ஆனால் போய்ச் சேரும் விலாசம் தப்பு. அந்தக் குடும்பம் அவளை வெளியேற்றவில்லை. வெளியேற்றிய விதிக்கு முகமில்லை, பக்கத்து வீட்டுக்காரனுக்கு முகம் இருக்கிறது. ஓய்வு பெறுகிறவளுக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்திருந்தால் வந்தவனைப் பற்றி இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

டீக்கடையில் ஒருமுறை, ‘அண்ணா, நாம கட்டற வரியில இவங்களுக்கும் அரிசியா?’ என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான், பதிலும் இருக்கிறது. ஒரே நாடு ஒரே ரேஷன் தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உண்டு. அதன்படி வெளிமாநிலக் கார்டுக்குக் கிடைப்பது ஆளுக்கு 5 கிலோ அரிசியோ கோதுமையோ, அதுவும் மத்தியத் தொகுப்புக் கணக்கில். தமிழ்நாடு தன் பணத்தில் கொடுக்கும் பருப்பும் பாமாயிலும் அவர்களுக்குக் கிடையாது. சோப்பு வாங்கினாலும் ரீசார்ஜ் செய்தாலும் ஜிஎஸ்டி அவர்களும் கட்டுகிறார்கள். கூலியைக் குறைக்கிறார்கள் என்பது மட்டும் கொஞ்சம் உண்மை. ஆனால் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி தோட்டத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்குக் கீழே கொடுத்து மிச்சம் பிடிப்பது காண்டிராக்ட்காரரும் தோட்டமும். லேபர் ஆபீசர் மாதம் ஒருமுறை லைன் பக்கம் வந்து கூலிச் சீட்டைப் பார்த்தாலே உள்ளூர்க்காரரின் கூலியும் சேர்ந்து நிற்கும். அதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை, காலியிடத்தை நிரப்பினால் போதும்.

‘மண்ணின் மைந்தர்’ வாதத்தை நீலகிரியில் கொஞ்சம் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கடைசிவரை போட்டால் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் தவிர மிச்சம் எல்லோரும் எப்போதோ ஏறி வந்தவர்கள்தான். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஆயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம் வழியாக வந்த அந்தச் சிலோன்காரர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய டான்டீ. எங்கள் வேலையைப் பிடுங்க வந்தவர்கள் என்று அப்போதும் பேசினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று ஜார்க்கண்ட்காரர்களைப் பார்த்து அதையே சொல்பவர்களில் அந்தச் சிலோன்காரர்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு. அரசாங்கம் வந்தவர்களுக்காகப் பணம் செலவழித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆதாரம் தேடி வெளியே போக வேண்டியதில்லை: கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அந்தச் செலவில் வளர்ந்த ஊர்களே இருக்கின்றன.

அதற்காக வந்த மறுநாளே எல்லாம் கொடுத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. காசாகக் கொடுப்பதை இந்த மாநிலத்துக் கார்டுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஜார்க்கண்டிலும் பெண்களுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கும் திட்டம் இருக்கிறது, ஒருவருக்கு இரண்டு மாநிலம் கொடுக்க வேண்டியதில்லை. பள்ளி, வைத்தியம், பஸ், குழந்தைகள் காப்பகம் இவற்றில் கார்டு கேட்கக் கூடாது. வீட்டுக்கு மட்டும் வேறு அளவுகோல்: எந்த ஊர் என்று பார்க்காமல் எத்தனை வருடம் இந்த மலையில் உழைத்தார் என்று பார்க்கலாம். பி.எஃப். கணக்கில் அது பதிவாகியிருக்கும். பதியாத முதலாளிகளும் அந்தச் சாக்கில் மாட்டுவார்கள்.

ஆக, என் வரிசையில் பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் முதலில். செலவும் குறைவு, ஆறு மாதத்தில் கண்ணுக்குத் தெரியும். ஆயிரம் ரூபாய் அப்படியே இருக்கட்டும், ஏற்ற வேண்டாம், 3,600 யூனிட்டை மட்டும் மலைக்குத் தளர்த்தச் சொல்லலாம். கொழுந்துக்குக் காசு கடைசி. வீடுதான் கஷ்டமானது, ஏனென்றால் பணத்தைவிட நிலம் முக்கியம். 2022-இல் டான்டீயின் ஒரு பகுதி நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவு செய்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. காட்டுக்குக் காடு திரும்பட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. லைன் வீடுகள் நிற்கிற துண்டுகளை மட்டும் தனியாக அளந்து, உழைத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்லலாம். அது வன நிலம் என்பதால் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். எம்.எல்.ஏ. வேட்பாளரிடம் கேட்டால் ‘அது என் கையில் இல்லை’ என்பார், அவர் சொல்வதும் சரிதான். எம்.பி. மலையேறும்போதும் இதே கோரிக்கைத் தாளை நீட்ட வேண்டியிருக்கும்.